கல்வியாண்டு நாட்காட்டியைத் தளத்தில் ஏற்றும்போது தேதி மாறுது, விடுமுறை ஒரு நாள் குறையுது, பழைய பிடிஎஃப் போகவே மாட்டேங்குது

பள்ளித்தளம் கேட்டது:

வணக்கம். ஒரு பள்ளியின் இணையதளத்தை வேர்ட்பிரஸில் பராமரிக்கிறேன். அடுத்த கல்வியாண்டு நாட்காட்டியை ஏற்ற வேண்டும். அலுவலகத்திலிருந்து எக்செல் ஷீட் வந்துவிட்டது. பருவத் தொடக்கம், தேர்வுகள், விடுமுறைகள், பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்கள் எல்லாம் சேர்த்து 180 வரிகள்.

தளத்தில் நாட்காட்டி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: ஈவென்ட் பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்) காட்டும் மாதக் காட்சி, பதிவிறக்கிக்கொள்ள ஒரு பிடிஎஃப், முகப்புப் பக்கத்தில் பதித்திருக்கும் கூகுள் காலண்டர். மூன்றையும் தனித்தனியாகக் கையால் திருத்துவதுதான் இதுவரை வழக்கம்.

இந்த முறை ஷீட்டை சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) மாற்றிச் சோதனைத் தளத்தில் இம்போர்ட் செய்து பார்த்ததில் வந்தவை இவை:

சில தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன, எல்லாவற்றிலும் இல்லை. தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாக வந்தன. ஷீட்டில் ஐந்து நாள் விடுமுறை, காலண்டரில் நான்கு நாள்தான் தெரிகிறது. ஷீட்டைத் திருத்தி மறுபடி இம்போர்ட் செய்தால் பழையதும் புதியதும் இரண்டிரண்டாக நிற்கின்றன. இதெல்லாம் போக, புது பிடிஎஃப் ஏற்றிய பிறகும் லிங்க்கைத் தட்டினால் போன வருடத்துடையதே திறக்கிறது.

எதை எந்த வரிசையில் சரிசெய்வது? போன வருட ஈவென்ட்களை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தரவுச்சீர் பதில்:

முதலில் தளத்தை மூடிவிட்டு ஷீட்டைத் திறங்கள். நீங்கள் எழுதியதில் பாதிக் கோளாறு ஷீட்டிலேயே பிறந்தது. அதைத் தளத்தில் போய்த் திருத்தினால் அடுத்த இம்போர்ட்டில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

தேதி மாறுவதன் காரணம் இது. அலுவலகத்தில் நாள்/மாதம்/ஆண்டு என்று தட்டியிருக்கிறார்கள். அதைத் திறந்த கணினியோ மாதம்/நாள்/ஆண்டு என்று படிக்கிறது. 05/06/2026 என்பது ஜூன் 5. அந்தக் கணினி அதை மே 6 என்று எடுத்துக்கொண்டுவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. 13/06/2026 வரும்போது 13-வது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். அதனால்தான் சிலது மாறுகிறது, சிலது மாறவில்லை. ஷீட்டில் பாருங்கள். கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்பவை எழுத்து, வலது ஓரம் ஒட்டி நிற்பவை எக்செல் தேதி. நீங்களாக ஓரத்தை மாற்றியிருக்காவிட்டால் இந்த அடையாளம் தப்பாது. கண்ணுக்கு உறுத்துவது இடது ஓரத்தில் நிற்பவைதான். ஆனால் உண்மையில் மாறிப்போனவை ஒழுங்காகத் தெரிகிற வலது ஓரக்காரர்கள்.

மூல ஷீட் கிடைத்தால் வழி சுலபம். வெறும் ஷீட் ஒன்றில் தேதி நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மதிப்புகளை மட்டும் ஒட்டுங்கள். அதன்மேல் டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், மூன்றாம் படியில் டேட் என்பதைத் தேர்ந்து, வரிசை நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லுங்கள். ஏற்கெனவே மாறிப்போன ஷீட் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், வலது ஓரத்தில் நிற்பவற்றுக்கு மட்டும் டேட் ஃபங்ஷனைப் போட்டு, மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் கொடுத்துத் திருப்புங்கள். இடது ஓரக்காரர்களுக்கு டெக்ஸ்ட் டு காலம்ஸ் போதும். ஒரே ஷீட்டை இரண்டு வேறு அமைப்புள்ள கணினிகளில் மாறிமாறித் தட்டியிருந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது. அச்சிட்ட நகலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது பக்கத்தில் கிழமை நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். டெக்ஸ்ட் ஃபங்ஷனில் நான்கு முறை டி போட்டால் கிழமை முழுப்பெயராக வரும். 2026 ஜூன் 5 வெள்ளி, மே 6 புதன். "பெற்றோர் கூட்டம், வெள்ளி" என்று தாளில் இருப்பது ஷீட்டில் புதனாக நின்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த தேர்வும் அகப்படும்.

இன்னொரு சோதனை, இதைப் பலரும் செய்வதில்லை: வேலை நாள் எண்ணிக்கை. விடுமுறை நாட்களை மட்டும் தனிப் பட்டியலாக, ஒரு நாளுக்கு ஒரு வரி வீதம் எடுத்து, நெட்வொர்க்டேஸ் டாட் இன்டல் ஃபங்ஷனில் பருவத்தின் முதல் நாள், கடைசி நாளோடு கொடுங்கள். வார விடுமுறை ஞாயிறு மட்டும் என்றால் வாரக் குறியீடு 0000001. சனி, ஞாயிறு இரண்டும் என்றால் 0000011. வாரம் திங்களில் தொடங்குவதாகக் கணக்கு. வருகிற எண், நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த வேலை நாள் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஏதோ ஒரு விடுமுறை விடுபட்டிருக்கிறது, அல்லது தேவையில்லாத ஒன்று சேர்ந்திருக்கிறது.

அலுவலக ஷீட்களில் வழக்கமாக இருக்கும் இன்னும் இரண்டு சங்கதி. மாதப் பெயரைப் பல கட்டங்களை இணைத்து ஒரே கட்டமாகப் போட்டிருப்பார்கள். சிஎஸ்வியாகும்போது முதல் வரிக்கு மட்டும் மாதம் இருக்கும், மற்றவை காலி. "21–25" என்று ஒரே கட்டத்தில் எழுதியிருப்பார்கள். எந்த இம்போர்ட்டரும் அதைத் தேதியாகப் படிக்காது. இணைப்பைப் பிரித்து, தொடக்க நாள், கடைசி நாள் என்று இரண்டு நெடுவரிசை ஆக்குங்கள். தேதி எல்லாம் ஆண்டு-மாதம்-நாள் வடிவில், 2026-06-05 என்று இருக்கட்டும். அதை யாரும் இரண்டு விதமாகப் படிக்க முடியாது.

நான் வைக்கச் சொல்லும் நெடுவரிசைகள்: அடையாள எண், தலைப்பு, தொடக்க நாள், கடைசி நாள், முழுநாளா இல்லையா, தொடக்க நேரம், முடிவு நேரம், வகை, எந்த வகுப்புகள், உறுதியா உத்தேசமா. இதில் அடையாள எண் கட்டாயம். 2627-014 போல ஒவ்வொரு வரிக்கும் ஒன்று, வருடம் முடியும்வரை மாறக்கூடாது. இரட்டிப்பு வருவதே இது இல்லாததால்தான். பல இம்போர்ட்டர்கள் தலைப்பையும் தேதியையும் வைத்துத்தான் "இது பழையதா, புதியதா" என்று முடிவு செய்கின்றன. நீங்கள் தேதியைத் திருத்தினால் அதன் கண்ணுக்கு அது வேறு ஈவென்ட். டபிள்யூபி ஆல் இம்போர்ட் போன்ற இம்போர்ட் பிளகின்களில் எந்த நெடுவரிசை தனித்த அடையாளம் என்று நீங்களே சொல்லலாம். அங்கே இந்த எண்ணைக் கொடுங்கள். உங்கள் பிளகினின் சொந்த இம்போர்ட்டரில் அந்த வசதி இல்லை என்றால், முதல் தடவை மட்டும் மொத்தமாக ஏற்றுங்கள். அதன் பிறகு வரும் திருத்தங்களை டாஷ்போர்டில் அந்தந்த ஈவென்ட்டுக்குள் போய்ச் செய்யுங்கள். மறுபடி மொத்தமாக ஏற்றவே வேண்டாம்.

தலைப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. மாதக் காட்சியில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு, மூன்று சொல்தான் தெரியும், மொபைலில் அதுவும் இல்லை. "பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக் கூட்டம், வகுப்பு 6 முதல் 8 வரை" என்று எழுதினால் முக்கியமான பாதி வெட்டுப்பட்டுப் போகும். "6–8: பெற்றோர் கூட்டம்" என்று எழுதினால் தன் பிள்ளைக்கு உரியதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கேள்விக்குறிக்கு வருவோம். எக்செல்லில் சேவ் ஆஸ் போகும்போது சிஎஸ்வி என்று இரண்டு மூன்று இருக்கும். சாதாரண சிஎஸ்வி தமிழைத் தாங்காது. சேமித்த நொடியிலேயே எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடும், பிறகு திரும்பப் பெற முடியாது. எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்பதைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஒரு சின்னத் தொந்தரவு உண்டு. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒன்றை எக்செல் சேர்க்கும். சில இம்போர்ட்டர்கள் அதை முதல் நெடுவரிசைப் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு, "தலைப்பு நெடுவரிசை கிடைக்கவில்லை" என்று சொல்லும். பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் தேடிக்கொண்டே இருப்பீர்கள். கூகுள் ஷீட்ஸிலிருந்து சிஎஸ்வியாக இறக்கினால் யுடிஎஃப்-8-ஆகவே வரும், அந்தக் குறியும் இருக்காது. என்னைக் கேட்டால் அதுவே நல்ல வழி.

இறக்கிய சிஎஸ்வியைச் சரிபார்க்கிறேன் என்று எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். திறந்ததும் தேதிகளை எல்லாம் அது தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். அந்த நிலையில் சேமித்தால் இவ்வளவு உழைப்பும் வீண். நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தேதிக்குப் பதில் 46178 என்பது போல ஐந்து இலக்க எண் தெரிந்தால், அந்தக் கட்டம் தேதி வடிவம் இழந்து எக்செல்லின் உள் எண்ணாக வந்திருக்கிறது என்று அர்த்தம். 46178 என்பது 2026 ஜூன் 5.

180 வரியையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். ஐந்து வரி மட்டும் உள்ள சோதனைக் கோப்பு ஒன்று செய்யுங்கள்: ஒரு நாள் விடுமுறை, பல நாள் விடுமுறை, நேரம் குறித்த கூட்டம், தலைப்பில் கமா உள்ள ஒன்று, செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 3 வரை போல மாதம் தாண்டும் ஒன்று. இந்த ஐந்தும் சரியாக வந்தால் மீதியும் வரும்.

நேரமண்டலம் பதில்:

தரவுச்சீர் சொன்னதோடு சேர்த்து, அந்த ஒரு நாள் எங்கே போனது என்று சொல்கிறேன்.

காலண்டர் செயலிகள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவத்துக்கான தரம் ஆர்எஃப்சி 5545, 2009-இல் வந்தது. அதன்படி முழுநாள் ஈவென்ட்டில் முடிவுத் தேதி என்பது ஈவென்ட்டின் கடைசி நாள் அல்ல, அதற்கு மறுநாள். 2026 செப்டம்பர் 21 திங்கள் முதல் 25 வெள்ளி வரை விடுமுறை என்றால் கோப்பில் டிடிஸ்டார்ட் (தொடக்கம்) 20260921, டிடிஎண்ட் (முடிவு) 20260926 என்று இருக்க வேண்டும். 25 என்று எழுதினால் வியாழனோடு முடிந்துவிடும். உங்கள் ஐந்து நாள் நான்கானது இப்படித்தான் இருக்கும். தளங்களில் மாதக் காட்சி வரையப் பலரும் பயன்படுத்தும் ஃபுல்காலண்டர் நூலகத்துக்கும் இதே விதிதான். தளத்தின் ஈவென்ட் பக்கத்தில் "21–25" என்று சரியாக இருந்து, மாதக் காட்சியில் மட்டும் பட்டை 24-இல் நின்றால் அங்கே தேடுங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு ஷீட்டில் எல்லாக் கடைசி நாளுக்கும் ஒன்று கூட்டிவிடாதீர்கள். மனிதர் நிரப்பும் ஷீட்டில் உண்மையான கடைசி நாளே இருக்கட்டும். சிஎஸ்வியை வாங்கும் பிளகின் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது பிளகினுக்குப் பிளகின் மாறும். பல நாள் விடுமுறை ஒன்றை மட்டும் ஏற்றி, மூன்று இடத்தில் பாருங்கள்: தளத்தின் மாதக் காட்சி, ஈவென்ட் பக்கம், அங்கிருந்து எக்ஸ்போர்ட் ஆகும் ஐசிஎஸ் கோப்பு (ஐகேலண்டர் வடிவக் கோப்பு). கூட்ட வேண்டும் என்றால் சிஎஸ்வியாக மாற்றும் கட்டத்தில் தனி நெடுவரிசையில் கூட்டுங்கள்.

இதன் தங்கை கோளாறு ஒன்று உண்டு: எல்லா விடுமுறையும் ஒரு நாள் முன்னதாகத் தெரிவது. முழுநாள் என்று குறிக்காமல் நள்ளிரவு 00:00 முதல் என்று பதிந்தால் இது வரும். நேர மண்டலம் +5:30 என்றால் நள்ளிரவு 00:00 என்பது யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் முந்தைய நாள் 18:30. தளத்தின் அமைப்பு யுடிசியில் இருந்தாலோ, பார்ப்பவர் வேறு மண்டலத்தில் இருந்தாலோ முந்தைய நாளுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ஜெனரல், டைம்ஸோன் போய்ப் பாருங்கள். அங்கே யுடிசி கூட்டல் கழித்தல் எண்ணைத் தேர்வதை விட நகரப் பெயரைத் தேர்வதே சரி. கோடைக்கால நேரமாற்றம் உள்ள இடங்களில் நகரப் பெயர்தான் அந்த ஒரு மணி நேரத்தைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். இதை இம்போர்ட்டுக்கு முன்பே செய்ய வேண்டும். ஈவென்ட்கள் ஏறிய பிறகு மண்டலத்தை மாற்றினால், சில பிளகின்கள் பழைய மண்டலத்தையே ஒவ்வொரு ஈவென்ட்டோடும் சேமித்து வைத்திருக்கும்.

கூகுள் காலண்டரைத் தனியாக நிரப்பும் வழக்கத்தை விடுங்கள். தேதி ஒரே ஒரு இடத்தில் வாழ வேண்டும், மற்ற இடங்கள் அங்கிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். உங்கள் ஈவென்ட் பிளகின் ஐசிஎஸ் முகவரி ஒன்று தரும். முகப்பில் பதித்திருக்கும் கூகுள் காலண்டரை எடுத்துவிட்டு, அதே பிளகினின் "வரவிருப்பவை" பட்டியலைப் போடுங்கள். பெற்றோருக்கு அந்த ஐசிஎஸ் முகவரியை "சந்தா" லிங்க்காகக் கொடுங்கள்.

சந்தா வேறு, இம்போர்ட் வேறு என்பதை அந்த லிங்க் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். முகவரியைக் கொடுத்துச் சேர்த்தால் நீங்கள் செய்யும் திருத்தம் அவர்களுக்கும் போகும். கோப்பை இறக்கி இம்போர்ட் செய்தால் அன்றைய நிலை அப்படியே உறைந்துவிடும். சந்தாவிலும் உடனே வராது. கூகுள் காலண்டர் புதுப்பிக்க 12 மணி நேரம் வரை ஆகலாம். ஆப்பிள் காலண்டரில் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். ஆகவே நாளை காலை விடுமுறை என்கிற அவசரச் செய்திக்கு இந்த வழியை நம்பக்கூடாது. அதற்குக் குறுஞ்செய்திதான்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு மட்டும் வருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐசிஎஸ் கோப்பில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக்கூடாது, மேலே போனால் மடித்து அடுத்த வரியில் தொடர வேண்டும் என்பது தரம். தமிழில் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். "தேர்வு" என்ற சொல்லில் த, ஏகாரக் கொம்பு, ர, புள்ளி, வ, உகரக் குறி என்று ஆறு, ஆக 18 பைட். 25 குறிகளில் ஒரு வரி நிரம்பிவிடும். பிளகின் பைட் எண்ணிக் கண்மூடித்தனமாக வெட்டினால் ஒரு எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும். தளத்தில் அழகாகத் தெரிந்த தலைப்பு, போன் காலண்டரில் மட்டும் நடுவில் கறுப்புச் சாய்சதுரமும் கேள்விக்குறியுமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். பிளகினைப் புதிய பதிப்புக்கு உயர்த்திப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் தலைப்பைச் சுருக்குவதுதான் கைமேல் பலன்.

பள்ளித்தளம்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஐந்து வரிக் கோப்பு சரியாக ஏறியது. டைம்ஸோன் யுடிசியில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். டிடிஎண்ட் விஷயமும் நீங்கள் சொன்னபடியே. பிளகின் சரியாக எடுத்துக்கொள்கிறது, மாதக் காட்சியின் தீம் டெம்ப்ளேட்தான் தப்பு.

இனி பிடிஎஃப், பழைய ஈவென்ட்கள், நடுவருடத்தில் தேதி மாறினால் என்ன செய்வது, இந்த மூன்றும்தான் பாக்கி.

முகப்புப்பக்கம் பதில்:

பிடிஎஃப் முதலில். வேர்ட்பிரஸ் மீடியா லைப்ரரியில் அதே பெயரில் இன்னொரு கோப்பை ஏற்றினால் அது பழையதன் மேல் எழுதாது. பெயரின் முடிவில் -1 சேர்த்துப் புதிய கோப்பாக வைக்கும். பட்டனும் மெனுவும் பழைய சுற்றறிக்கைப் பக்கங்களும் பழைய முகவரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு பக்கத்தில் லிங்க்கை மாற்றியிருப்பீர்கள், இன்னும் நான்கு இடத்தில் பழையது இருக்கும். பழைய கோப்பு மீடியா லைப்ரரியில் இருக்கும்வரை தேடுபொறியும் அதை எடுத்துக் காட்டும்.

எனேபிள் மீடியா ரீப்ளேஸ் போன்ற பிளகின் ஒன்றைப் போட்டு, பழைய கோப்பின் இடத்திலேயே புதியதை மாற்றுங்கள். முகவரி மாறாது, எல்லா லிங்க்கும் தானாகப் புதியதைக் காட்டும். இதற்குக் கோப்பின் பெயரில் ஆண்டு இருக்கக்கூடாது. ஏற்கெனவே ஆண்டோடு இருந்தால், இந்த ஒருமுறை பொதுப் பெயரில் புதிதாக ஏற்றி, பழைய முகவரியிலிருந்து 301 ரீடைரக்ட் (புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) கொடுங்கள். நாட்காட்டிப் பக்கத்துக்கும் இதே பேச்சு. "நாட்காட்டி-2025-26" என்று வருடா வருடம் புதுப் பக்கம் திறப்பதை விட, ஆண்டு இல்லாத ஒரே முகவரி. பெற்றோர் போனில் புக்மார்க் செய்து வைத்திருப்பது அதைத்தான்.

முகவரி மாறாததற்கு ஒரு விலை உண்டு, அது கேஷ், அதாவது வேகத்துக்காக எடுத்துவைக்கும் நகல். பழைய பிடிஎஃப் சர்வர் பக்கக் கேஷிலும் சிடிஎன்னிலும் (கோப்புகளை நகலெடுத்து வழங்கும் இடைச் சர்வர்கள்) பிரௌசரிலும் தங்கியிருக்கும். உள்ளிருந்து வெளியே வாருங்கள்: முதலில் தளத்தின் கேஷ் பிளகினில் பர்ஜ் (துடைப்பது), பிறகு சிடிஎன்னில் அந்தக் கோப்பின் முகவரியைக் கொடுத்துப் பர்ஜ், கடைசியில் பிரௌசர். முதலில் சிடிஎன்னைத் துடைத்தால், அது உடனே உள்ளே வந்து பழையதையே மறுபடி எடுத்துக்கொண்டு போய்விடும். பெற்றோரின் பிரௌசரை நீங்கள் துடைக்க முடியாது. அதனால் பட்டனில் உள்ள லிங்க்கின் முடிவில் கேள்விக்குறி போட்டு ஒரு பதிப்பு எண் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த எண்ணைக் கூட்டுங்கள்.

சோதிக்கும்போது லாக்-அவுட் செய்து, பிரைவேட் விண்டோவில், மொபைல் டேட்டாவில் பாருங்கள். அட்மினாக லாக்-இன் செய்திருப்பவருக்குப் பல கேஷ் பிளகின்கள் கேஷ் இல்லாத பக்கத்தைத்தான் காட்டும். "எனக்குச் சரியாத்தானே வருது" என்பதன் பின்னால் இருப்பது அதுதான்.

பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்க அடியிலும் "கடைசியாகத் திருத்திய நாள்" கட்டாயம் இருக்க வேண்டும். அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளைப் பார்க்கிறவருக்கு, தன் கையில் இருப்பது பழையதா என்று தெரிய வேறு வழி இல்லை.

நாட்காட்டியைப் படமாக ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பார்வைக் குறையுள்ள பெற்றோரின் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றிடம். தேடவும் முடியாது, போனில் பெரிதாக்கினால் மங்கும். விடுமுறைக்குச் சிவப்பு, தேர்வுக்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் வைத்துப் பிரிப்பதும் அப்படியே. இந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரிகிறவர்கள் இருக்கிறார்கள். நிறத்தோடு "விடுமுறை", "தேர்வு" என்ற சொல்லும் இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. வெளிர்மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து அதில் தேறாது.

பழைய ஈவென்ட்களை அழிக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ், வருகை விழுக்காடு என்று ஏதோ ஒன்றுக்குப் போன வருடத் தேதியைக் கேட்டு யாராவது வருவார்கள். "2025-26" என்று ஒரு கேட்டகரி திறந்து அதில் சேர்த்துவிட்டு, முகப்புப் பட்டியலில் நடப்பு ஆண்டுக் கேட்டகரி மட்டும் வரும்படி வடிகட்டுங்கள். மொத்தமாக மாற்ற, ஈவென்ட் பட்டியலின் மேலே ஸ்கிரீன் ஆப்ஷன்ஸ் போய் ஒரு பக்கத்துக்கு 20 என்பதை 100 ஆக்குங்கள். 999 வரை விடும். ஆனால் அத்தனையையும் ஒரே தடவையில் பல்க் எடிட் செய்தால் கோரிக்கை அளவுக்கு மீறி நீண்டு, சில சர்வர்கள் பிழை காட்டும். நூறு நூறாகப் போங்கள். இரட்டிப்பாக ஏறிய சோதனைப் பதிவுகளை ட்ராஷில் போட்டால் 30 நாள் அங்கே இருக்கும், தப்பித் தவறி நல்லதைப் போட்டாலும் மீட்கலாம். எதைத் தொடுவதற்கு முன்பும் டேட்டாபேஸ் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

தரவுச்சீர்:

நடுவருட மாற்றத்துக்கு என் வழி: புது ஈவென்ட் போடாமல், இருக்கும் ஈவென்ட்டுக்குள் போய்த் தேதியை மாற்றுவது. அப்போதுதான் அதன் உள் அடையாளம் மாறாது, சந்தாவில் இருப்பவர்களுக்கு அது நகர்ந்ததாகத் தெரியும். மாற்றிய கையோடு மூல ஷீட்டிலும் அதே வரியைத் திருத்தி, பக்கத்தில் யார் சொல்லி, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று எழுதுங்கள். ஷீட்டைத் திருத்தாமல் விட்டால் அடுத்த பிடிஎஃப் பழைய தேதியோடு போகும்.

நேரமண்டலம்:

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. சந்தாவில் இருப்பவருக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெற்றோரில் பலர் தேதியை மனதில் வைத்திருப்பவர்கள், அல்லது கோப்பை ஒருமுறை இம்போர்ட் செய்துவிட்டு மறந்தவர்கள். 14-ஆம் தேதி கூட்டம் என்று நினைத்துக்கொண்டு தளத்தைப் பார்க்கிறவருக்கு 14-இல் ஒன்றுமே இல்லை என்றால், தான் தப்பாக நினைத்தோமா, தளம் தப்பா என்று குழம்பும். எனவே அசல் ஈவென்ட்டைப் புதிய தேதிக்கு நகர்த்திவிட்டு, பழைய தேதியில் "மாற்றம்: 6–8 பெற்றோர் கூட்டம் 21-க்கு" என்று ஒரு சின்ன முழுநாள் குறிப்பை வைக்கலாம். அந்த நாள் கடந்ததும் எடுத்துவிடலாம்.

ரத்தானால் அழிக்கவே கூடாது. ஐகேலண்டரில் ரத்துக்கென்றே ஒரு நிலை உண்டு, சில பிளகின்கள் அதைத் தருகின்றன. எல்லாச் செயலியும் அதை ஒரே மாதிரி காட்டுவதில்லை, சிலது கோடு போட்டுக் காட்டும், சிலது மறைத்தே விடும். ஆகவே தலைப்பின் முதல் சொல்லாக "ரத்து:" என்று சேர்ப்பதுதான் எல்லா இடத்திலும் தெரியும். தேதி பின்னால் உறுதியாகும் விடுமுறைகளுக்கும் இதே முறையில் "உத்தேசம்:" என்று முன்னால் போடுங்கள். உறுதியானதும் எடுத்துவிடுங்கள்.

தரவுச்சீர்:

ஒப்புக்கொள்கிறேன், பழைய தேதியில் குறிப்பு வைப்பது நல்லதுதான். அந்தக் குறிப்புகளுக்குத் தனிக் கேட்டகரி கொடுத்துவிட்டால் பிடிஎஃப்புக்கு எடுக்கும்போது தவிர்த்துவிடலாம்.

பள்ளித்தளம்:

கடைசியாக ஒன்று. ஜூன் முதல் தேதி காலை 6 மணிக்குப் புதிய ஆண்டு தானாக வெளியாகும்படி ஷெட்யூல் செய்யலாம் என்றிருக்கிறேன். நம்பலாமா?

முகப்புப்பக்கம்:

பக்கத்தை ஷெட்யூல் செய்யலாம், ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸின் உள் கடிகாரம் தானாக ஓடாது. தளத்துக்கு யாராவது வரும்போதுதான் "ஏதாவது வேலை பாக்கியா" என்று பார்க்கும். கோடை விடுமுறையில் ஆள் வரத்து குறைவு. வருகிறவருக்கும் முழுப் பக்கக் கேஷிலிருந்தே பதில் போய்விட்டால் வேர்ட்பிரஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பட்டியலில் "மிஸ்ட் ஷெட்யூல்" என்று சிவப்பில் நிற்கும். ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலில் உண்மையான கிரான் வேலை (குறித்த நேரத்தில் சர்வரே தானாக ஓட்டும் வேலை) ஒன்றை அமைத்து, வேர்ட்பிரஸின் கிரான் கோப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கச் சொன்னால் இது தீரும்.

180 ஈவென்ட்களையும் ஷெட்யூல் செய்ய வேண்டாம். அவற்றை எதிர்காலத் தேதிக்கு வெளியிடுவது வேறு, ஈவென்ட்டின் தேதி எதிர்காலத்தில் இருப்பது வேறு. இரண்டையும் குழப்பினால் டிசம்பர் தேர்வு டிசம்பரில்தான் தளத்தில் தெரியும். இம்போர்ட்டில் எல்லாவற்றையும் டிராஃப்டாக ஏற்றி, கிழமை பார்த்து முடித்த பிறகு பல்க் எடிட்டில் பப்ளிஷ் ஆக்குங்கள். புதிய ஆண்டுக் கேட்டகரியை முகப்பு வடிகட்டியில் சேர்க்கும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் ஜூன் முதல் தேதி கையால் செய்துவிட்டு, கேஷைத் துடையுங்கள்.